வேண்டாம் என்று சொல்லும் குரல்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சரியக்கா. முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள்; முதுகைத் திருப்பினால் சரியக்கா. அவளுக்கும் அது தெரியும். தெரியாததுபோல் இருப்பதற்கு ஒரு திறமை வேண்டும், அது அவளிடம் வேண்டிய மட்டும் இருந்தது.

ஆள் எடுக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக அவள்தான். ஒரு வேலைக்கு நாற்பது பேர் வந்தால் ஒருவரை எடுப்பார்கள். மிச்சம் முப்பத்தொன்பது பேரை எந்தக் கம்பெனியும் அதற்கப்புறம் நினைத்துக்கூடப் பார்க்காது. இவள் பார்ப்பாள். தினமும் மத்தியானம் மூன்றிலிருந்து நான்குவரை மேஜைத் தொலைபேசியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று முடிவான ஒவ்வொருவரையும் தானே கூப்பிடுவாள். வேலை இல்லை என்பதையும் சொல்வாள், ஏன் இல்லை என்பதையும் சொல்வாள்.

"பாருங்க, உங்க கைவேலை சுத்தமா இருக்கு. ஆனா நான் கேட்ட மூணு கேள்விக்கும் பழைய முதலாளியத் திட்டித்தான் பதில் சொன்னீங்க. நாளைக்கு எங்களையும் அப்படித்தானே திட்டுவீங்க?"

இப்படி முகத்தில் அடித்த மாதிரிதான் பேச்சு. ஆனால் எதிர்முனையில் இருப்பவர் சரி என்று சொல்லும்வரை ரிசீவரை வைக்க மாட்டாள். சிலர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஒரு வெல்டர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். பாதி நேரம் அழுகை, பாதி நேரம் மைத்துனரைப் பற்றிய புகார். அவள் அசையாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் அவர் மூக்கைச் சிந்திவிட்டு "சரிங்க" என்றதும்தான் எழுந்து டீ குடிக்கப் போனாள்.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. கணவன் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது மகள் மூன்றாம் வகுப்பு. பதினோரு மாதம் வேலை தேடி ஊரெல்லாம் விண்ணப்பம் போட்டாள். எடுக்காதது கூடப் பெரிதில்லை, வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அவர் தாண்டிப் போனதும் அடங்கும். அந்தப் பதினோரு மாதத்தை அவள் யாருக்கும் தர விரும்பவில்லை. நல்ல மனசு என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்சம் கர்வமும் உண்டு, அதையும் சொல்லிவிடுவோம்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அவள் அந்தப் போனைப் போடவில்லை. அது அவள் மகள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சரியக்காவுக்கு ஓர் உதவியாளர் வேண்டியிருந்தது. மகள் அதற்கென்றே படித்தவள். மற்ற நாற்பது பேரோடு வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களைப் போலவே உள்ளே வந்து, அம்மாவை மேடம் என்று கூப்பிட்டுப் பதில் சொன்னாள். அத்தனை பேரிலும் அவள்தான் முதல். தாய்க்கு அது பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துபோயிற்று. அவள் கேட்காமல் விட்ட கேள்விகளையும் மகளே கேட்டு, மகளே பதிலும் சொன்னாள். சரியக்கா எல்லோருக்கும் ஒரு கார்டு எழுதுவாள். மேலே பேனாவில் பெயர், போன் நம்பர், படிப்பு, கீழ் மூலையில் பென்சிலில் தன் சொந்த அபிப்பிராயம். மகளுடைய கார்டின் மூலையில் பென்சிலால் எழுதினாள்: 'என்னைவிட நன்றாகச் செய்வாள். இரண்டே வருடத்தில் இந்த நாற்காலி இவளுக்குப் போய்விடும்.'

எழுதிவிட்டு அந்தக் கார்டை வேண்டாம் என்ற இழுப்பறையில் போட்டாள்.

ஆபீசில் கேட்டவர்களுக்கு, "சொந்தப் பொண்ண எடுத்தா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்றாள். முதலாளி மெச்சிக்கொண்டார். நேர்மை என்றால் இதுவல்லவா நேர்மை என்று டீக்கடைவரை பேச்சு. அவளுக்கு மட்டும் அந்த மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டும் அவளால் மகளிடம் வாயைத் திறக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அந்தக் காரணத்தைச் சொல்லவும் தைரியமில்லை. நான்காம் நாள் மகளே வேறு யார் மூலமாகவோ தெரிந்துகொண்டு வந்தாள்.

"ஊர்ல போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் போன் பண்ணி ஆறுதல் சொல்றியே. எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"வீட்டுக்குள்ள என்னடி போன்?" என்றாள் தாய், குறுக்கே வெட்டி. அவ்வளவுதான். அந்த மாதமே மகள் நகரத்தின் மறுகோடியில் ஒரு சரக்குக் கப்பல் ஆபீசில் வேலை தேடிக்கொண்டு பெட்டியைத் தூக்கிவிட்டாள். அம்மாவின் கைபேசி நம்பரை அவள் போன் ஏற்காதபடி செய்துவிட்டாள். மூன்று வருடமாகப் பேச்சில்லை. சரியக்கா தினமும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பாள், ஒரே ஒரு மணி அடித்து அறுந்துபோகும். ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டிருக்கலாம். அதற்கு மட்டும் கை வரவில்லை.

உதவியாளர் வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்தாள். யாரும் பயப்படத் தேவையில்லாத அளவுக்குச் சுமாரான பெண். அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவாள்.

இந்த நிலைமையில்தான் கம்பெனி இரண்டாவது தொழிற்சாலை கட்டியது. ஆறு மாதத்தில் முந்நூறு பேர் எடுக்க வேண்டும்; விண்ணப்பம் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. "கார்டு, பென்சில் எல்லாம் போதும்மா. நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணு பாருங்க. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று முதலாளி பொறுப்பை அவள் தலையிலேயே கட்டினார். தன் இடத்துக்கு வரப்போகிறதைத் தானே இன்டர்வியூ எடுக்க வேண்டிய வேலை. அதையும் ஒழுங்காகத்தான் செய்தாள்.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து டெமோ காட்டினார்கள். முதலாவது அசமந்தம். விண்ணப்பங்களை வரிசையாக அடுக்கியது, லீவைக் கழித்தது, சம்பளச் சீட்டு அடித்தது. அவளுடைய கார்டு இழுப்பறையைத் திரையில் ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது ஒரே வண்ணக் கோலாகலம். தினமும் காலையில் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு சிரிப்பு முகத்தையோ அழுகை முகத்தையோ தொட்டுத் தன் மனநிலையைத் தெரிவிக்க வேண்டுமாம். கைநிறையப் பசையோடு பசைப் பிரிவு ஆட்கள் அதைத் தொட்டால் மறுநாள் திரையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். விற்க வந்த பெண் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

மூன்றாவதை விற்க வந்தவருக்குத் தங்கச்சி வைத்த பெயர் பல்லழகர். மனிதர் வாயை மூடியே பார்த்ததில்லை. அவருடைய சாஃப்ட்வேர் விண்ணப்பம் வாங்கும், தரம் பிரிக்கும், அதோடு போனில் பேசும்.

"யார் மாதிரி வேணும்னாலும் பேசும் மேடம். உங்க குரல்லயே பேசும். நீங்க தினமும் ஒரு மணி நேரம் போன்ல கஷ்டப்படறீங்களாமே. இனிமே நீங்க நிம்மதியா டீ குடிங்க."

கம்பெனித் தொலைபேசியில் ஏழு வருடமாக எல்லாப் பேச்சும் பதிவாகிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவுகளையும், இழுப்பறையில் இருந்த பதினோராயிரம் கார்டுகளையும் பல்லழகர் கேட்டார். தங்கச்சி ஒன்பது நாள் நின்ற இடத்தில் நின்று கார்டுகளை ஸ்கேன் செய்தாள். கடைசியாக ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: 'இந்தப் பட்டியலிலிருந்து யாரையாவது விலக்க வேண்டுமா?' சரியக்கா யோசிக்கவே இல்லை. யாருக்கும் தனிச் சலுகை கிடையாது என்பதுதானே அவளுடைய பெருமை. 'யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

முப்பது நாள் சோதனை தொடங்கியது. முதல் நாள் அது பேசியதைக் கேட்க பல்லழகர் அவள் காதில் ஒரு ஹெட்போனை மாட்டினார்.

"பாருங்க," என்றது அவள் குரல். அவள் எப்போதும் பேச்சை அப்படித்தான் தொடங்குவாள். நடுவில் தொண்டையைச் செருமியது. அதுவும் அவளுடைய செருமல்தான். கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன்னால் டம்ளரை மேஜையில் வைக்கும் சின்னச் சத்தம் கூடக் கேட்டது. அவளுடைய டம்ளர் அப்போது அவள் கையில் இருந்தது.

"எப்படி மேடம்?" என்றார் பல்லழகர்.

"டம்ளர் சத்தம் எதுக்குங்க?"

"நாங்க வைக்கலையே மேடம். அதுவா கத்துக்கும்."

இரண்டாவது வாரம் ஒரு ஆள் அவளைத் தேடிக்கொண்டு நேரிலேயே வந்தார். மெஷின் ஓட்டுபவர், வேண்டாம் என்று முடிவானவர். வேலை கேட்டு வரவில்லை. நன்றி சொல்ல வந்தாராம்.

"நேத்து நீங்க அவ்வளவு நேரம் பேசினது பெரிய ஆறுதலா இருந்துச்சு மேடம். நீங்களே பதினோரு மாசம் அலைஞ்சிருக்கீங்க, தபால்காரர் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிச்சுக்கும்னு சொன்னீங்களே, அதைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

அவள் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினாள். அந்த விஷயத்தை அவள் எவரிடமும் சொன்னதில்லை. கார்டில் இல்லை, போனில் சொன்னதில்லை, மகளிடம்கூடச் சொன்னதில்லை. அல்லது ஏழு வருடத்தில் ஏதோ ஒரு மத்தியானம் யாரிடமோ வாய் தவறிச் சொல்லியிருப்பாளோ? நிச்சயமாகத் தெரியவில்லை. தன் வாயிலிருந்து என்ன வந்தது, என்ன வரவில்லை என்று ஒரு மனுஷிக்கே சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? பல்லழகரைக் கூப்பிட்டுக் கேட்டாள். "கத்துக்குது மேடம்" என்றார் அவர்.

சோதனை முடிய இரண்டு நாள் இருக்கும்போது தங்கச்சி திரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, எல்லாக் காலும் முடிஞ்சிருச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் நிலுவைன்னு காட்டுது" என்றாள்.

"யாரு?"

"ஸ்கேன்ல பேர் விழல. நம்பர் மட்டும்தான் இருக்கு. மூணு வருஷத்துக்கு முந்தின கார்டு. பத்தொன்பது தடவ கூப்பிட்டிருக்கு அக்கா! ஒவ்வொரு நாளும் சரியா மூணு நாற்பதுக்கு. அந்த ஆள் இன்னும் சரின்னே சொல்லலியாம். அதனால திரும்பத் திரும்பக் கூப்பிடுது."

தங்கச்சி படித்த நம்பர் சரியக்காவுக்கு மனப்பாடம். தங்கச்சியை ஏதோ சாக்குச் சொல்லி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு, அறைக் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பசைப் பிரிவில் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தன.

முதல் நாள் பதிவு. மணி அடிக்கிறது. எடுக்கும் சத்தம்.

"பாரும்மா," என்றது அவள் குரல். "மூணு வருஷத்துக்கு முன்னாடி சொல்ல வேண்டியது, இப்பச் சொல்றேன். அந்த வேலைய உனக்குக் குடுக்கல. நீ சரியில்லன்னு இல்ல. நீ என்னவிட நல்லா செய்வே. ரெண்டு வருஷத்துல என் நாற்காலி உனக்குப் போயிடும்னு பயந்துட்டேன். நியாயம் அது இதுன்னு ஊருக்குச் சொன்னதெல்லாம் சும்மா."

எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். குரல் காத்திருந்தது. நான்கு நிமிடம் கழித்து, "நாளைக்குக் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்தது.

இரண்டாம் நாள் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் அன்னைக்கே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுடி."

மூன்றாம் நாள் மகள் கத்தினாள். பதினோரு நிமிடம், ஒரே மூச்சாக. குரல் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாம் நாள் வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து தரவில்லை என்று சொன்னாள். ஒன்பதாம் நாள் காய்ச்சல். "மாத்திரை போட்டியா? சும்மா சொல்லாதே, போட்டியா?" என்றது குரல். பதினான்காம் நாள், "வீடு மாத்திட்டேன்மா. பாலத்துக்குப் பக்கத்துல, மஞ்சக் கட்டடம், மூணாவது மாடி. இப்ப காலை ஷிப்ட்தான், மூணு மணிக்கெல்லாம் வீட்டுல இருப்பேன். ஒருநாள் வாயேன்" என்றாள் மகள். பத்தொன்பதாம் நாள் இருவரும் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மகள் மூச்சு வாங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வருடமாகிவிட்டது. அதற்கு இணையாகத் தன் சிரிப்பும் ஹெட்போனில் கேட்டபோது சரியக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வாய் மூடித்தான் இருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மகள் பேசுகிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் அவளுக்கு வந்தது வயிற்றெரிச்சல். பச்சையாகச் சொன்னால் அதுதான். தன் மகளைத் தன் குரலே தட்டிக்கொண்டு போய்விட்டது. இதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது?

கடைசி நாள் காலையில் முதலாளி அறையில் தன் முடிவை எழுதிக் கொடுத்தாள். முதலாவது போதும், அந்த அசமந்தமே போதும்.

"மூணாவதத்தான் எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க? வேலை கிடைக்காதவன்கூட நன்றி சொல்லிட்டுப் போறானாமே?"

"ஆளுக்குத் தெரியாம ஆள் குரல்ல பேசறது தப்பு சார். நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

முதலாளி இந்தத் தடவையும் மெச்சிக்கொண்டார். காரணமும் பொய்யில்லை. ஆனால் தன்னைவிட நன்றாகச் செய்கிறதை நல்லதொரு நியாயத்தைச் சொல்லி வேண்டாம் என்று தள்ளுவது அவளுக்கு இது இரண்டாவது தடவை. படியிறங்கும்போது அது அவளுக்கே உறைத்தது. இருந்தாலும் பல்லழகரைக் கூப்பிட்டாள். பதினோரு மணிக்கு அவர் எல்லாவற்றையும் நிறுத்தினார். குரல், பதிவு, கார்டு எல்லாம் அழித்தாயிற்று என்று கடிதமும் அனுப்பினார். தங்கச்சி திறந்து பார்த்தாள். 'இப்படி ஒரு கணக்கு இல்லை' என்றது திரை.

இன்றைக்கு மூணு நாற்பதுக்கு மகளுடைய போன் அடிக்காது. அவள் காத்திருப்பாள். காத்திருப்பவர்களைப் பற்றிச் சரியக்காவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டே வந்தாள். நேரில் போய் நின்றுவிட்டால் போதும், மற்றது தானாக வரும் என்று தனக்கே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

மஞ்சள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. பட்டப்பகல்தான், ஆனால் மாடிப்படியில் வெளிச்சமே வரவில்லை. இரண்டாவது மாடியில் யாரோ ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மாடி வந்து கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கியபோது மணி மூன்று நாற்பத்திரண்டு. கதவுக்கு உள்ளே மகளின் குரல் கேட்டது. மகள் ஏதோ சொன்னாள். யாரோ சிரித்தார்கள்.

சிரித்தது அவள்தான். உள்ளே, கதவுக்கு அந்தப் பக்கம், அவளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் மேனேஜர் என்னடி சொன்னாரு?" என்று அவளே கேட்டாள்.

சரியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு மணிக்கு அழித்தாயிற்று. கடிதம் பையில் இருக்கிறது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, எங்கே போவது? மணியை அழுத்தினாள்.

உள்ளே பேச்சு நின்றது. பிறகு அவள் குரல் சொன்னது, "யாரோ வந்திருக்காங்க பாரு. போய்த் திற. நான் இருக்கேன்."

கதவு திறந்தது. மகள் இளைத்திருந்தாள், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். தாயைப் பார்த்தாள். திரும்பிச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாள். அங்கே தண்ணீர் ஜாடியில் சாய்த்து நிறுத்தியிருந்த போனில் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. மறுபடி தாயைப் பார்த்தாள்.

"நீயா?"

"நான்தான்டி."

மகள் வழிவிட்டு நின்றாள். சரியக்கா உள்ளே வந்து சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜைக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது, அதில் உட்காரத் துணியவில்லை.

"அது நான் இல்லடி," என்றாள் மெதுவாக. "சாஃப்ட்வேரு. சோதனைக்கு வெச்சிருந்தோம்."

"தெரியும். ரெண்டாவது நாளே தெரியும். நீ வெக்கப்பட்டேன்னு சொல்ற ஆளா? நான் கத்தினப்ப குறுக்க ஒரு வார்த்தை பேசல. அதுல உறுதியாயிடுச்சு."

"தெரிஞ்சுமா பேசினே?"

"சரின்னு சொன்னா வெச்சுடும்னு தெரியும்ல? அதனாலதான் சொல்லல." மகளின் உதடு கோணியது. "உன் குரல்ல யாரோ என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்கம்மா. போனை வைக்க மனசு வரல."

"அதை நிறுத்தியாச்சு. காலையில பதினோரு மணிக்கே நிறுத்தியாச்சுடி."

மகள் மேஜையைக் காட்டினாள். "அப்ப இது யாரு?"

மேஜையிலிருந்து குரல் வந்தது. "வந்தவங்கள உக்கார வெச்சுக் கேள்வி கேக்காதே. வெயில்ல வந்திருக்காங்க. தண்ணி குடு."

மகள் உடனே சமையலறைக்குப் போனாள். இத்தனை வருடத்தில் தாய் சொல்லி ஒரு தடவைகூட அவ்வளவு உடனே போனவளில்லை. உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அறையில் அவளும் அந்தப் போனும் மட்டும்.

பஸ்ஸில் எழுதி அடித்ததில் ஒரு வரிகூட நினைவில்லை. சரியக்கா எழுந்து போய், போனுக்கு அருகில் குனிந்து, ரகசியம் கேட்பது போலக் கேட்டாள்.

"நான் என்ன பேசணும்?"

"பேசாதே," என்றது அவள் குரல், அதே ரகசியத்தில். "அவ பேசட்டும்."

மகள் தண்ணீரோடு வந்தபோது அவள் பழைய இடத்தில் இருந்தாள். வாங்கிக் குடித்தாள். மகள் எதிரில் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். குரலிடம் கத்தியதையெல்லாம் திரும்பவும் கத்தினாள். கத்தாமல் விட்டதையும் கத்தினாள். மூன்று நாள் சோற்று மேஜையில் எதிரே உட்கார்ந்துகொண்டு வாயைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்ததைச் சொன்னாள். தாய்க்கு ஒவ்வொரு வரிக்கும் நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. எல்லாவற்றையும் தண்ணீரோடு விழுங்கினாள். கண்ணீர் தானாக இறங்கியது, அதைத் துடைக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகள் களைத்துப்போய் நிறுத்தினாள்.

"பயந்துட்டேன்டி," என்றாள் தாய். "உன்னைப் பார்த்தே பயந்துட்டேன்." குரல் சொன்ன மாதிரி அழகாக வரவில்லை. பாதி வார்த்தை உள்ளேயே நின்றுபோயிற்று. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யாருடி வந்திருக்கா?" என்று மேஜையிலிருந்து கேட்டது குரல். "அழற சத்தம் கேக்குதே?"

மகள் போனைப் பார்த்தாள்.

"அம்மா வந்திருக்கா."

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சு விட அங்கே யாரும் இல்லை என்று சரியக்காவுக்குத் தெரியும். கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. குரல் மெல்லக் கேட்டது.

"அப்ப நான் நாளைக்குக் கூப்பிடட்டுமா?"

இந்த மாதிரிக் குரலில் எத்தனையோ பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில், அந்த மேஜைத் தொலைபேசியில், ஒருமுறை வந்து பார்க்கட்டுமா மேடம், அடுத்த மாதம் கேட்டுப் பார்க்கட்டுமா மேடம் என்று. மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வேண்டியது தன் வேலை என்று சரியக்காவுக்குப் புரிந்தது. பயமாகத்தான் இருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போன் பக்கம் திரும்பினாள்.

"கூப்பிடு," என்றாள். "நானும் இங்கதான் இருப்பேன்."